நடுவில் இறங்குபவள்

மணல்பைகளும் இரும்புக் கொக்கிகளும் கட்டியிருந்த மூட்டையை எடுக்க வெஸ்டன் வண்டியின் பின்புறம் கையை விட்டபோது, "அது எதுக்கு?" என்றாள் லாரீன். "குழியெல்லாம் ரொம்பி வழியுதாம். நீஞ்சியே தாண்டிரலாம். வீணா எதுக்குத் தோள ஒடிச்சுக்கணும்?" வெஸ்டன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கையை வெளியே எடுத்துக்கொண்டான். பாறைப் பிளவுகளில் இறங்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். அவள் சொன்னால் அவனிடம் மறுபேச்சு இருக்காது.

அவள் சொன்னது பொய். லாரீன் ஓட்டும் பள்ளிப் பேருந்தைப் பழுது பார்க்கும் டுவேன் நான்கு நாளைக்கு முன்புதான் இந்தப் பிளவில் இறங்கிவிட்டு வந்திருந்தான். பேருந்துக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே, "விடாக்குழியில தண்ணி ரொம்பக் கீழ எறங்கிக் கெடக்கு லாரீன். மணல்பை இல்லாம எவனாச்சும் போனா அவனுக்குக் கல்லறை தோண்டுற செலவு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தான். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். முகம் செத்துப்போய் வண்டிக்கடியில் புகுந்துகொண்டான். லாரீன் அந்தச் செய்தியை மனத்துக்குள் முடிந்துகொண்டு, அன்று மாலையே வெஸ்டனுக்குப் போன் செய்தாள்.

ஊரில் அந்தப் பிளவுக்குத் தொண்டை என்று பெயர். மேலே நின்று பார்த்தால் செம்மண் பாறையில் யாரோ கத்தியால் கீறியதுபோல ஒரு கோடுதான் தெரியும். உள்ளே இறங்கினால் இரண்டு பக்கச் சுவரும் தோளை உரசும். அதன் கடைசியில் இருப்பது விடாக்குழி. வெள்ளம் வரும்போதெல்லாம் கல்லைப் போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் குடைந்த வட்டக் கிணறு அது. தண்ணீர் விளிம்புவரை இருந்தால் ஒரு சிறுபிள்ளைகூட நீந்தித் தாண்டிவிடும். தண்ணீர் இறங்கிவிட்டால் வழவழத்த சுவர் தலைக்கு மேலே நிற்கும். பையில் மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி எதிர் விளிம்புக்கு அப்பால் எறிந்து, அந்தக் கனத்தை நம்பி ஏற வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் அக்டோபர் கடைசியில், லாரீனின் மகள் ஷெல்பியும் அவளைக் கட்டிக்கொள்ள இருந்த வெஸ்டனும் மணல்பை இல்லாமல் அதில் இறங்கினார்கள். முந்தைய வாரம் போனவர்கள் குழி ரொம்பியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எதை நம்பாவிட்டாலும் போன வாரத்துத் தண்ணீரை நம்பிவிடுவார்கள். மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்து வெஸ்டனை உயிரோடும் ஷெல்பியைப் பிணமாகவும் தூக்கிக்கொண்டு வந்தது.

துக்கத்துக்கு ஊரே திரண்டு வந்தது. சபைப் பெண்கள் ஆளுக்கொரு தட்டு சாவுவீட்டு உருளைக்கிழங்கு கொண்டுவந்தார்கள், பாலாடைக்கட்டி போட்டு, மேலே மொறுமொறுப்பாகத் தூவி. பனிப்பெட்டி ரொம்பி வழிந்தது. வசந்தம் வரைக்கும் லாரீன் அதையே சூடு பண்ணித் தின்றாள். வெஸ்டன் ஒவ்வொரு குளிர்காலமும் விடிவதற்கு முன் வந்து அவள் வாசல் பனியை வாரிப் போட்டுவிட்டுப் போனான். கூரையைச் செப்பனிட்டான். மோட்டாரை மாற்றினான். "பெத்த பிள்ளகூட இப்படிப் பாக்காது" என்று ஊர் மெச்சியது. லாரீன் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று அவன் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவனை அவள் வெறுத்தாள். அந்த வெறுப்பு வயிற்றில் ஒரு கல்லைப்போலக் கிடந்தது. அதோடு எழுந்து, அதோடு முப்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கி, அதோடு படுத்தாள்.

வெறுப்புக்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. கனமானவன் கீழே, லேசானவள் மேலே. குழியில் மாட்டிக்கொண்டால் அதுதான் விதி. பெரிய உடம்பு அடியில் நிற்க வேண்டும், சின்ன உடம்பு தோளில் ஏறி வெளியே போக வேண்டும், பிறகு கயிறு போட வேண்டும். இரண்டு பேருக்கும் தன் வீட்டு முற்றத்தில் வைத்து அதைப் பழக்கியவள் லாரீன். வெஸ்டன் நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். ஷெல்பி அம்மாவைவிட இரண்டு விரல் குட்டை. அப்படியிருக்க, மேலே போனவன் அவனாகவும் கீழே கிடந்தவள் அவளாகவும் ஆனது எப்படி? விசாரிக்க வந்த அதிகாரிக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. "குளிர் ரொம்ப, சீக்கிரமே முடிஞ்சு போச்சு" என்று வெஸ்டன் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார். லாரீனும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்வான், அதையும் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கும். அந்தக் குழியில் நின்று அவன் காட்டினால்தான் அவள் நம்புவாள். அடுத்த வாரம் அவன் ஐடஹோவுக்குப் போகிறான். அங்கே மர ஆலையில் வேலை, ஒரு பெண்ணும் பார்த்தாயிற்று. இதை விட்டால் இனி இல்லை.

பிளவின் வாயில் வெஸ்டன் தொப்பியைக் கழற்றிக் கைகளைக் கட்டித் தலை குனிந்தான். இறங்குவதற்கு முன் ஜெபம் செய்வது அவன் வழக்கம். ஷெல்பி அந்த நேரத்தில் அவன் காலில் கூழாங்கல் எறிவாள். "பரமபிதாவே, எங்களப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேரும். குழிகள்ல நீர் எவ்வளவு தண்ணி வச்சிருக்கீரோ அவ்வளவுக்கும் நன்றி" என்றான். லாரீன் ஆமென் சொன்னாள். பொய்யைச் சொல்லிவிட்டு அதன் மேலேயே ஆமென் சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். அவளுக்கு இருந்தது.

முதல் இறக்கத்தில் ஒரு காட்டு மரத்தின் அடியில் நாடாவைச் சுற்றி, அதன் வளையத்தில் கயிற்றை இரண்டாக மடித்து மாட்டினார்கள். இறங்கியபின் ஒரு முனையை இழுத்தால் கயிறு முழுவதும் கீழே வந்துவிடும். வெஸ்டன் முதலில் இறங்கினான். "கயிறு விட்டாச்சு!" என்று கீழேயிருந்து குரல் வந்தது, அடுத்த ஆள் இறங்கலாம் என்று அர்த்தம். லாரீன் கயிற்றைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

மூன்று பேராகப் போன காலத்தில் வரிசை மாறியதே இல்லை. முதலில் வெஸ்டன், நடுவில் ஷெல்பி, கடைசியில் லாரீன். கடைசி ஆள்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும், அது பழுத்த கைக்குரிய வேலை. அப்போதெல்லாம் வெஸ்டன் குரல் கொடுத்த பிறகு லாரீனுக்குச் சற்று நேரம் வேலை இருக்காது. மகள் கயிற்றை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டுப் போவாள். இப்போது லாரீனின் உடம்பு அதே நேரத்துக்குக் காத்திருந்தது. அவளாக நிற்கவில்லை. கால் நின்றது. கீழே வெஸ்டனும் "வாங்க" என்று கூப்பிடவில்லை. ஒரு பெண் இறங்கி முடிக்கிற நேரம் கழிந்த பிறகு லாரீன் கயிற்றை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் தரையில் கால் வைத்தபோது வெஸ்டன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த இறக்கத்திலும் அப்படியே நடந்தது.

வெயில் மேலே வெகு உயரத்தில் சுவரின் நெற்றியில் மட்டும் இருந்தது. கீழே வரும்போது அது பழைய செம்பின் நிறமாகிவிட்டது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மரத்துண்டு குறுக்கே செருகிக்கொண்டு கிடந்தது. போன வெள்ளம் அவ்வளவு உயரத்துக்கு வந்திருக்கிறது. சேற்று வாடை, எங்கோ ஒரு தவளை. சின்னக் குழிகளில் இடுப்பளவுத் தண்ணீர் கிடந்தது. அவற்றில் இறங்கி ஏறும்போது வெஸ்டன் ஈரக்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டே போனான். அவன் கை பட்ட இடங்கள் உயரத்தில் கருப்பாகத் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே, லாரீனின் மோவாய் உயரத்தில், இன்னும் சில ஈரத் தடங்கள் இருந்தன. லாரீன் இன்னும் கையை ஊன்றவே இல்லை. பாறைக் கசிவாக இருக்கும் என்று நினைத்தாள். கசிவுதான். ஆனாலும் நடையை எட்டிப்போடாமல், முன்னால் போகிறவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்க இடம் விட்டே நடந்தாள்.

"ஒண்ணு ஞாபகம் வருது, ஹாட்ச் சகோதரி" என்றான் வெஸ்டன், திரும்பாமலே. சபையில் பெரியவர்களைக் குடும்பப் பெயரோடு அப்படிக் கூப்பிட்டுப் பழகியவன், இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. "நான் உங்களச் சகோதரின்னு கூப்பிடறப்பல்லாம் ஷெல்பி என்ன சொல்வா தெரியுமா?"

"என்ன சொல்வா?"

"'எங்கம்மா உனக்குச் சகோதரின்னா நீ எனக்கு மாமன்டா நெட்டக்கொக்கு. மாமனக் கட்டிக்கிட்டா நம்ம ஊரு சிரிக்காதா'ம்பா."

லாரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவன் மேல் ஆத்திரமும் வந்தது. மகளின் வார்த்தை ஒன்று இத்தனை நாள் அவனிடம் இருந்திருக்கிறது, அவளுக்குக் கொடுக்காமல். அப்படி இன்னும் எத்தனை வைத்திருக்கிறானோ.

கடைசி இறக்கம் வந்தது. அதற்குச் சற்று மேலேதான் மலையாடுகள் ஏறும் தடம் ஒன்று சுவரில் கோணல்மாணலாகப் போகிறது. மனம் மாறுகிறவர்கள் அங்கேயே மாறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கயிறு நேராக விடாக்குழிக்குள் போகிறது. இறங்கியபின் கயிற்றை உருவிவிட்டால் திரும்ப வழி கிடையாது, எதிர் விளிம்பு ஒன்றுதான் வழி.

வெஸ்டன் இறங்கினான். தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட நேரம் எதுவும் கேட்கவில்லை. லாரீன் இரண்டு கைகளாலும் பாறையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், இருட்டுதான் தெரிந்தது. "கயிறு விட்டாச்சு!" என்ற குரல் கடைசியில் வந்தது. கூடவே, "தண்ணி எறங்கிக் கெடக்கு. நீங்க வந்து பாருங்க. ஆனா கயிற மட்டும் உருவாதீங்க. ஏறித் திரும்பிரலாம்."

அவள் நடுவில் இறங்குபவளுக்கான நேரம் காத்திருந்தாள். பிறகு இறங்கினாள். கால் பட்டதும் குளிர் முழங்காலுக்கு மேல் ஏறி, இடுப்பைச் சுற்றி, ரப்பர் உடைக்குள் புகுந்து நெஞ்சை நெரித்தது. அடியில் மணல் இருந்தது. நின்றால் தண்ணீர் அவள் கழுத்துக்கு, வெஸ்டனுக்கு நெஞ்சுக்கு. அவன் எதிர்ச் சுவரின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான். வட்டச் சுவர் குடத்தின் உட்புறம்போல உள்நோக்கி வளைந்து மேலே குறுகியது. அதற்கு மேலே ஒரு துண்டு வானம் தெரிந்தது. இதைத்தான் ஷெல்பியும் பார்த்திருப்பாள் என்று லாரீன் நினைத்தாள். நினைத்துக்கொண்டே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள்.

"உருவாதீங்க! சொன்னனே!" வெஸ்டன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவன் வந்து சேர்வதற்குள் கயிற்றின் மறுமுனை மேலே வளையத்தைத் தாண்டி, காற்றில் நெளிந்து, அவர்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்தது.

வெஸ்டன் அதன் முனையைக் கையில் எடுத்தான்.

"ஏன்?" என்றான்.

"தண்ணி எறங்கிப் போச்சுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். டுவேன் சொன்னான்."

"எங்கிட்டயும்தான் சொன்னான்."

லாரீனுக்கு முதலில் புரியவில்லை. அவன் ஜெபத்தில் சொன்னது பிறகு நினைவுக்கு வந்தது. எவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறீரோ அவ்வளவுக்கும். வண்டியில் அவன் கையை வெளியே எடுத்ததும் நினைவுக்கு வந்தது. அவன் ஏமாறவில்லை.

"தெரிஞ்சுமா வந்த?"

"நீங்க கேக்கணும்னு இருக்கீங்கன்னு தெரியும். மூணு வருசமாத் தெரியும். ஒவ்வொரு தடவ பனி வாரறப்பவும் இன்னைக்குக் கேப்பீங்கன்னு நெனப்பேன். திர ஆடும், கதவு தெறக்காது. சரி, கயிறு இருக்கும்போதே இங்க கூட்டிட்டு வந்து காட்டிட்டு, திரும்ப ஏறிரலாம்னு நெனச்சேன்." அவன் பற்கள் தந்தியடித்தன. "நீங்க உருவிட்டீங்க."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் மூன்று வருடமாக ஊறிய கேள்வி அதற்கெல்லாம் நிற்கவில்லை. "கனமானவன் கீழ, லேசானவ மேல. அதுதான நான் சொல்லிக் கொடுத்தது? அப்ப நீ எப்பிடிடா மேல போன?"

வெஸ்டன் தண்ணீருக்குள் மூழ்கினான். முதுகுப்பையில் அடிமணலை வாரிப் போட்டான். கயிற்றில் கட்டி, சுழற்றி, எதிர் விளிம்புக்கு மேலே எறிந்தான். பை அந்தப் பக்கம் போய் விழுந்தது. இழுத்துப் பார்த்ததும் வழுக்கிக்கொண்டு திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது. மறுபடி எறிந்தான், மறுபடி வந்தது. "அந்தப் பக்கம் வழவழன்னு சரிவு. ஒரு பை போதாது, நாலு வேணும். அன்னிக்கும் இதத்தான் மொதல்ல செஞ்சோம்" என்றான். பிறகு சுவரில் கைகளை ஊன்றிக் குனிந்தான். "இப்ப ஏறுங்க. என் தோள்ல."

அவள் ஏறினாள். அவன் கால்களை மணலில் ஊன்றி, அவளைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான். தோளிலிருந்து உள்ளங்கைகளுக்கு மாற்றி இன்னும் மேலே தள்ளினான். புடைத்த பாறை அவளை நெஞ்சில் முட்டிப் பின்னால் தள்ளியது. கன்னத்தை அதில் அழுத்தி, கைகளை நீட்டினாள். விரல்கள் விளிம்பைத் தொட்டன. தொட்டாயிற்று, பிறகென்ன? உள்ளங்கையைப் பதித்து அழுத்தினாள். சோப்புக் கட்டியைப் பிடித்ததுபோல வழுக்கியது. தேடினாள். ஒரு கீறல், ஒரு மேடு, நகம் நுழைய ஒரு பொத்தல், எதுவுமில்லை.

"பிடிமானம் ஏதாச்சும் கெடைக்குதா?" கீழேயிருந்து குரல் திணறி வந்தது.

"இல்ல."

"ஒண்ணு இருக்கு. ஒரு வெடிப்பு. விளிம்புக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி. உங்க கைக்கு எட்டாது." அவன் மூச்சு வாங்கினான். "அவ கைக்கும் எட்டல."

அவள் விழுந்தாள். தண்ணீர் மூக்கில் ஏறியது. வெஸ்டன் அவள் கையைப் பிடித்து நிமிர்த்தினான். இருமி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றான். பிறகு அவன் தன் கையை மேலே தூக்கிக் காட்டினான், அந்த நீண்ட கையை, ஷெல்பி கொக்கு என்று கேலி செய்த கையை. அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்தக் கை அந்த வெடிப்பை எட்டும் என்று லாரீனுக்குத் தெரிந்துவிட்டது. அது யார் தோளில் ஏறி நின்றால் எட்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

"எத்தன தடவடா?" என்றாள்.

"நான் எண்ணல. அவதான் எண்ணுனா. நான் வழுக்கி விழுவேன். அவ தண்ணிக்குள்ளேருந்து வெளிய வந்து துப்பிட்டு நம்பர் சொல்வா. சொல்லிட்டுச் சிரிப்பா. 'இன்னும் கொஞ்சம் உருளக்கெழங்கு தின்னுட்டு வந்திருக்கலாம்ல மாமா'ம்பா. அப்புறம் மறுபடி சுவத்துல கைய ஊனிக் குனிவா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான், ஈரக்கையால் ஈர முகத்தை. "கடைசியா அவ சொன்ன நம்பர் எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்ல மாட்டேன். அடிச்சாலும் சொல்ல மாட்டேன்."

"சீக்கிரமே முடிஞ்சுபோச்சுன்னு சொன்னியேடா."

"உங்கள்ட்ட வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அந்தத் தடவ எனக்கு எட்டிருச்சு. மேல போயிட்டேன். கயிறு போட்டேன். அவ விரல் மூடல. பிடிக்கணும்னு பாக்கறா, கை மூட மாட்டேங்குது. இடுப்புல கட்டிக்கோன்னேன், முடிச்சுப் போட வரல. வாயால கவ்விக்கூடப் பாத்தா. நான் கயிற விடல, ஹாட்ச் சகோதரி."

அது ஊருக்கே தெரியும். மறுநாள் காலையில் அவனைக் கண்டுபிடித்தபோது, சரிவில் குப்புறக் கிடந்து இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை எடுத்தார்கள். தான் தப்பித்துவிட்டு என்ன கயிறு, என்ன பிடி என்று லாரீன் அப்போது மனத்துக்குள் காறித் துப்பியிருந்தாள்.

வெளிச்சம் சுவரில் இன்னும் கொஞ்சம் மேலே போய்விட்டது. அவளுக்குக் கால் விரல்கள் மரத்துவிட்டன. நேரமில்லை. அவள் எதிர்ச் சுவருக்குப் போனாள். இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் ஊன்றிக் குனிந்தாள்.

"வேண்டாம்" என்றான் வெஸ்டன். "வேண்டாம், என்னால முடியாது. மறுபடி முடியாது."

"நான் பேருந்து ஓட்டறவ. என் தோளு உனக்குப் பயப்படாது. ஏறுடா நெட்டக்கொக்கு."

கயிற்றின் முனையை இடுப்புவாரில் கட்டிக்கொண்டு அவன் ஏறினான். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. அவன் கனம் முழுவதும் வந்து இறங்கியதும் அவள் முழங்கால்கள் மடங்கின, தலை தண்ணீருக்குள் போயிற்று. கண்ணைத் திறந்தாள். பழுப்பு இருட்டு. காதுக்குள் தன் இரத்தம் ஓடும் சத்தம். எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நெரிபட்டன. தன்னைவிட இரண்டு விரல் குட்டையானவள், தன்னில் பாதிச் சதைகூட இல்லாதவள், இங்கே இப்படி நின்றாள். ஒரு தடவை இல்லை. லாரீனுக்கு அழுகை வந்தது, தண்ணீருக்குள் அழுவது எப்படி என்று தெரியவில்லை. மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது. கனம் இடதுபுறம் சரிந்தது, அவள் தடுமாறினாள், இதோ விழப்போகிறோம் என்று நினைத்தாள். அந்த நேரம் அவளுடைய இடது தோளுக்குக் கீழே ஏதோ ஒன்று முட்டுக்கொடுத்தது. பாறையாக இருக்கும். அவள் முதலில் குழிக்குள் இறங்கி நின்றபோது அந்தப் பக்கம் பாறை எதுவும் இருக்கவில்லை.

தோள் சட்டென்று லேசாயிற்று. அவள் தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, வாய் பிளந்து காற்றைக் குடித்தாள். மேலே அவன் கால்கள் இரண்டும் காற்றில் உதைத்து, விளிம்பின் மேல் நெளிந்து, மறைந்தன. கயிறு அவன் பின்னால் சரசரவென்று ஏறிப் போயிற்று. அதன் வால் சுவரைத் தாண்டியதும் குழிக்குள் அவள் மட்டும் இருந்தாள்.

மேலே சத்தமில்லை.

"வெஸ்டன்!" என்றாள். சுவர் அதை வாங்கிச் சுற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. பதில் இல்லை. அவன் போய்விடலாம். இங்கிருந்து கீழே போக அவனுக்கு வழி தெரியும், கையில் கயிறு இருக்கிறது. பொய் சொல்லி அழைத்து வந்து, சொல்லச் சொல்லக் கயிற்றை உருவி, செத்துப் பிழைத்தவனை அதே கிணற்றில் மறுபடி தள்ளியவளை அவன் எதற்காகத் தூக்க வேண்டும்? போனாலும் தப்பில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகு, வயிற்றில் இத்தனை காலம் கிடந்த கல்லைத் தேடிப் பார்த்தாள். அது அங்கே இல்லை. அந்த இடம் குளிர்ந்துபோய்க் காலியாக இருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தாள். பாதிதான் மடங்கின.

"ஷெல்பி" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இப்பிடித்தான் நின்னியா கண்ணு?"

நெடுநேரம் கழித்து விளிம்பில் வெஸ்டனின் தலை தெரிந்தது. பிறகு கயிறு இறங்கியது. அவன் இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கயிறு முழுவதும் கண்ணி கண்ணியாக முடிச்சுப் போட்டிருந்தான். கால் நுழைய ஒன்று, முழங்கை நுழைய ஒன்று, ஏணியைப்போலக் கடைசிவரை. விரல் மூடாதவர்கள் ஏறுவதற்கான கயிறு அது. மூன்று வருடமாக மனத்துக்குள் போட்டுப் போட்டுப் பார்த்த முடிச்சுகளாக இருக்க வேண்டும், எல்லாம் ஒரே அளவில் இருந்தன.

"நான் அந்தப் பக்கம் வெடிப்புல கால ஊனிப் படுத்துக்கறேன். கயிறு அசையாது. நான் குரல் குடுத்ததும் ஏறுங்க" என்றான். தலை மறைந்தது. கயிறு ஒருமுறை ஆடி நின்றது. அப்பாலிருந்து அவன் குரல் வந்தது, "கயிறு தயார்!"

லாரீன் முழங்கையால் கயிற்றை அணைத்துப் பிடித்தாள். பற்கள் கிடுகிடுத்தன. இன்னும் தாமதித்தால் கால் எழாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அவள் ஏறவில்லை. கயிற்றை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் ஓரடி பின்னால் நகர்ந்து, நடுவில் வருபவளுக்கு இடம் விட்டு நின்றாள்.

மேலேயிருந்து வெஸ்டன் கூப்பிடவில்லை.

தொய்ந்து கிடந்த கயிறு மெல்ல இறுகியது. அது பாறையோடு ஒட்டியது. அடிக்கண்ணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. அதற்கு மேலிருந்த காய்ந்த கண்ணி ஈரமாகிச் சொட்டியது. பிறகு அதற்கும் மேலே இருந்தது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், சொட்டுகள் விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. லாரீன் முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அவை தன் மேல் விழ விழ, தன் முறை வருவதற்காகக் காத்திருந்தாள்.